ஆர்டிஸ் பிரெக்கியின் வாய் நோன்பு

டோர்விக் ஊரில் யாரிடம் எதைக் கேட்டாலும் "பரவால்ல" என்றுதான் பதில் வரும். கூரை மேல் மரம் விழுந்திருக்கும்; "பரவால்ல, பாதி வீடு நிக்குது" என்பார்கள். வண்டி கிளம்பாமல் நடுக்குளிரில் நடந்தே வந்தவன் புருவமெல்லாம் உறைபனி தொங்க, "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றபடி காபிக்குக் கை நீட்டுவான். அந்த ஊரில்தான் ஆர்டிஸ் பிரெக்கியும் இருந்தாள். ஒரு பொருள் எப்படிக் கெட்டிருக்கிறது, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லாவிட்டால் அவளுக்குத் தொண்டை அரிக்கும்.

பழக்கம் வேலையில் வந்தது. வெண்ணெய் ஆலையில் சரக்கை ருசி பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. ஒரு துளி நாக்கில் வைத்ததும் சொல்லிவிட வேண்டும்: இது சிக்குவாடை, இது காறல், இது புளிப்பு, இது மாடு எதையோ தின்ற கசப்பு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாள். நாக்கு ஓய்வு பெறவில்லை.

அவளுடைய கணவன் மெர்ல் சாது. குளிர்பெட்டியைத் திறந்து, "என்னமோ கெட்டுப்போச்சு போல" என்று முணுமுணுத்தால் போதும், ஆர்டிஸ் அடுத்த அறையிலிருந்து வந்துவிடுவாள்.

"கெட்டுப்போச்சுன்னா? பால் திரிஞ்சுதா, ரொட்டி பூசணம் பூத்துதா, பிஸ்கட் நமுத்துதா? பொத்தாம் பொதுவா கெட்டுப்போச்சுன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"நாத்தம் அடிக்குது ஆர்டிஸ்."

"என்ன நாத்தம்?"

மெர்ல் குளிர்பெட்டியை மூடிவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவான்.

வீட்டுக்குள் இருந்தவரை சரி. சர்ச்சிலும் அது தொடர்ந்தது. பாடகர் குழுவின் அங்கிகள் வெளுத்துவிட்டன, வாசல் கதவின் அடிக்கட்டை இற்றுவிட்டது, பியானோ சுதி இறங்கிவிட்டது, போன வருஷம் கணீரென்று பாடிய லோவெலுக்கு இப்போது குரல் கம்மிவிட்டது. எல்லாம் உண்மை. அதனால்தான் யாருக்கும் அவளைப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் சர்ச்சின் வருடாந்தரக் கூட்டம் முடிந்து சாப்பாடு. மெர்லின் தங்கை வெர்னா ஒரு தட்டு நிறைய வால்நட் இனிப்பு செய்து கொண்டுவந்திருந்தாள். வெர்னாதான் சர்ச் சமையலறைக்கு ராணி. கரண்டி எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்பது வரை அவள் சட்டம். ஆர்டிஸ் ஒரு துண்டை வாயில் போட்டாள், கண்ணை மூடினாள், எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்:

"வால்நட் சிக்கு வாடை அடிக்குது வெர்னா. போன கோடைக்கு முந்தினதா இருக்கும்."

தட்டை நோக்கி நீண்டிருந்த கைகள் மெல்லத் திரும்பிப் போயின. அந்தத் தட்டு சாப்பாடு முடியும்வரை தொடப்படாமல் மேஜையில் கிடந்தது. வெர்னா அதன் மேல் துணியைப் போட்டு எடுத்துக்கொண்டு, அண்ணனிடம் கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்று வீடு திரும்பும்போது மெர்ல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். அவன் அப்படி நிறுத்துகிற ஆள் இல்லை.

"ஆர்டிஸ், உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். லெந்து காலம் வருது. ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாள் எல்லாரும் ஏதாவது ஒண்ணை விடுவாங்க. லோவெல் பீரை விடறான். நீ இதை விட்டுடேன்."

"எதை?"

"இந்த... ஊசிப்போச்சு, நைஞ்சுபோச்சு, இத்துப்போச்சு... இந்த மொத்தக் கூட்டத்தையும்."

அந்த மூடிய தட்டு ஆர்டிஸையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"அதெல்லாம் இல்லாம நான் என்னத்தப் பேசறது?"

"அதைத்தான் நானும் பாக்கணும்."

லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும் அவளே போய்ப் பாஸ்டர் ஆனிக்காவிடம் தன் நோன்பைச் சொன்னாள். ஆனிக்கா இள வயசுக்காரி. சிரிப்பை அடக்க அங்கியின் கைப்பகுதியை வாயில் வைத்துக்கொண்டாள். செய்தி வெர்னா காதுக்குப் போக, அவள் நேராக வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாய் தவறினா என்ன தண்டனை? தண்டனை இல்லாத நோன்பு நோன்பில்ல."

"நீயே சொல்லு."

"ஈஸ்டர் விருந்துப் பாத்திரம் பூரா நீ கழுவணும். என் சமையலறையில. நான் சொல்ற மாதிரி."

"சரி."

"'முந்தி மாதிரி இல்ல'ங்கறதும் கணக்குல சேரும்."

"சரிடி."

"பெருமூச்சு விட்டாலும் சேரும்."

"பெருமூச்சு சேராது" என்று பாஸ்டர் தீர்ப்புச் சொன்னாள். "மனுஷி மூச்சாவது விடட்டும்."

முதல் வாரம் ஆர்டிஸ் பட்ட பாடு மெர்லுக்குத்தான் தெரியும். காலையில் காபியைக் குடித்துவிட்டு வாயைத் திறப்பாள், மூடுவாள். கரையில் மாட்டிக்கொண்ட மீன் மாதிரி இருந்தது பார்க்க. ஒரு நாள் அவன் துணி துவைக்கும் அறைக்குள் போனபோது, ஆர்டிஸ் பழைய துண்டு ஒன்றை முகத்தருகே பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துண்டுகிட்ட என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல."

"நைஞ்சுபோச்சுன்னு சொன்னியா?"

"நீதான் சொன்ன. நான் சொல்லல" என்றாள் ஆர்டிஸ். வேறொருவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதே அவளுக்குத் தண்ணீர் குடித்தது மாதிரி இருந்தது.

லெந்து காலத்துப் புதன்கிழமைகளில் சர்ச்சில் சூப்பும் ரொட்டியும் போடுவார்கள். இரண்டாவது புதன் வெர்னாவின் பட்டாணி சூப்பு. மூடியைத் திறந்ததுமே கூடம் முழுக்க அடிப்பிடித்த வாசனை. எல்லோரும் கரண்டியைக் கையில் பிடித்தபடி சூப்பைப் பார்க்காமல் ஆர்டிஸைப் பார்த்தார்கள். வெர்னாவும் பார்த்தாள், கண்ணில் ஒரு பளபளப்போடு. ஆர்டிஸ் ஒரு வாய் விழுங்கினாள். சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதை உள்ளே தள்ளிவிட்டு வேறு எதையாவது தேடினாள்.

"இந்த சூப்பு" என்றாள் மெதுவாக, "அடுப்பை விட்டுப் பிரிய மனசில்லாம வந்திருக்கு."

லோவெல் மூக்கு வழியே சூப்பு வரச் சிரித்தான். மேஜை மேஜையாகச் சிரிப்பு பரவியது. வெர்னா கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தாள். பாஸ்டர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஆர்டிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் வாயைத் திறந்து ஒரு கூடம் சிரித்தது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அன்று கோட்டு மாட்டிக்கொள்ளும்போது யாரோ அவளுக்குக் கைப்பகுதியைப் பிடித்துக்கொடுத்தார்கள். அதுவும் முதல் தடவைதான்.

அப்புறம் ஊரே அவள் வாயைக் கிளற ஆரம்பித்தது. தூண்டில் கடை வைத்திருந்த லோவெல் தன் பிக்கப் வண்டியைக் காட்டி, "எப்படி இருக்கு ஆர்டிஸ்?" என்று கேட்டான். கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து, தரை தெரிந்தது.

"நல்ல காத்தோட்டம் லோவெல். உள்ள உக்காந்துக்கிட்டே ரோட்டைப் பாக்கலாம்."

பாடகர் குழு பாடி முடித்ததும் கேட்டார்கள். "பாட்டுக்கு முன்னாடி அந்த மௌனம் இருந்துச்சே, மனசைத் தொட்டுருச்சு" என்றாள். தபால் நிலையத்தில், மளிகைக் கடையில், அவள் வந்தால் பேச்சு நின்று முகங்கள் திரும்பின. முன்பும் திரும்பும், ஆனால் இப்போது உதடுகள் முன்கூட்டியே விரிந்திருந்தன. ஆர்டிஸ் காலையில் கண்ணாடி முன் நின்று தலைசீவும்போது அன்றைக்கு வேண்டிய ஒன்றிரண்டு வாக்கியங்களைத் தயார் செய்துகொள்ளத் தொடங்கினாள். மெர்ல் கதவோரம் நின்று கேட்டுச் சிரித்துக்கொள்வான். சில சமயம் அவனுக்கு அந்தப் பழைய ஆர்டிஸ் எங்கே போனாள் என்றும் தோன்றும்.

மார்ச் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஏரியில் மீன் விருந்து. உறைந்த ஏரி மேலேயே அடுப்பு வைத்து, பெர்ச் மீன் வறுத்து, அந்த வருஷத்துப் பனிக்கட்டிக்கு விடை கொடுக்கிற வழக்கம். அன்று வெயில் இதமாக இருந்தது. வண்டிகளைக் கரையில் விட்டுவிட்டு, மடக்கு மேஜைகளையும் அடுப்பையும் சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு போனார்கள். வெர்னா சர்ச்சின் காபி அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டாள். அதை யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

லோவெல் துளைபோட்டு அளந்து பார்த்திருந்தான். "ரெண்டு அடி கனம் இருக்கு. யானை நிக்கலாம்."

ஆர்டிஸ் தட்டில் மீனும் கோஸ் சாலடுமாக நின்றிருந்தாள். காலடியில் பனிக்கட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. வழக்கமாக வெயில் பட்டால் ஏரி முனகும், வெடிப்பு ஓடும் சத்தம் கேட்கும். இன்று ஒரு சத்தமும் இல்லை. துளையோரம் பெயர்ந்து கிடந்த கட்டி ஒன்றை பூட்ஸ் நுனியால் தட்டினாள். அது உடையவில்லை, ஈரக் குச்சிகள் மாதிரி நெடுக்குவாட்டில் பிரிந்து உதிர்ந்தது. கனம் அப்படியே இருக்கிறது, உள்ளே பிடிப்பு இல்லை. அவள் நாக்கில் சொல் தானாக வந்தது. எத்தனையோ வாரப் பழக்கம், அதைத் தானாகவே விழுங்கிவிட்டாள்.

"லோவெல்" என்றாள். "ஏரிக்கு மறுபடியும் தண்ணி ஆகணும்னு ஆசை வந்துருச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாருய்யா, ஆரம்பிச்சுட்டா!"

"வெளையாட்டுக்குச் சொல்லல. இந்த ஐஸ்... நம்மளைப் பிடிச்சு வெக்கிறதுல அதுக்கு இப்ப அக்கறை கொறவு."

"கொறவு! அது சேருமா?" என்று வெர்னா கரண்டியை உயர்த்தினாள்.

"அக்கறைதானே கொறஞ்சுது, விட்டுடு" என்றான் யாரோ ஒருவன். மேலும் சிரிப்பு. மேஜைக்கு அப்பால் இருந்தவர்கள் கூட என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டு நெருங்கி வந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவதை ஆர்டிஸ் பார்த்தாள்.

"மீனெல்லாம் நம்மளைக் கீழ விருந்துக்குக் கூப்பிடுது" என்றாள். குரல் நடுங்கியது. லோவெல் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இதமாக இருந்தது. அதுதான் வினை. அத்தனை முகமும் அவளைப் பார்த்து மலர்ந்திருந்தது. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் இன்னும் மலரும். அந்தச் சொல்லைச் சொன்னால், ஜனவரியில் துணி போட்டு மூடிய தட்டு மாதிரி எல்லாம் மூடிக்கொள்ளும். கூட்டத்தில் மெர்ல் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர்டிஸ்" என்றான். "என்ன நாத்தம்?"

அவள் தட்டைக் கீழே போட்டாள்.

"உளுத்துப்போச்சு! ஐஸ் உளுத்துப்போச்சு! கனமெல்லாம் சும்மா, உள்ள ஒண்ணுமில்ல. எல்லாரும் கரைக்குப் போங்க. ஓடாதீங்க, கூட்டமா போகாதீங்க, தள்ளித் தள்ளி நடங்க. சாமானை விடுங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏரி முழுக்க அந்த ஒரு சொல்தான் நின்றது.

"சொல்லிட்டா!" என்று கத்தினாள் வெர்னா. "எல்லாரும் கேட்டீங்கல்ல? தோத்துட்டா!"

லோவெல் கடப்பாரையை எடுத்துக் காலடியில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். அது சரசரவென்று இறங்கியது, நிற்கவே இல்லை. பக்கத்தில் தண்ணீர் ஊறி எழும்பியது. அவன் முகம் வெளிறியது.

"நடங்க" என்றான். "அவ சொன்ன மாதிரி நடங்க."

குழந்தைகளை முன்னால் விட்டு, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, கல்யாண ஊர்வலம் போல மெதுவாக நடந்தார்கள். எல்லோரும் கரை ஏறுகிற நேரம், மெர்ல் திரும்பிப் பார்த்து, "வெர்னா எங்க?" என்றான்.

வெர்னா திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள், காபி அண்டாவை எடுக்க. எடுத்தும்விட்டாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெற்றியோடு வந்தவள், கரைக்கு முன்னால் ஆழம் குறைவான இடத்தில் சட்டென்று குட்டையாகிப்போனாள். இடுப்புவரை தண்ணீர். வாயைத் திறந்தாள், குளிரில் சத்தம் வரவில்லை.

யோசிக்க நேரமில்லை. கரையோரம் சறுக்குப் பலகையில் மிச்சம் கிடந்த மடக்கு மேஜை ஒன்றை ஆர்டிஸ் தள்ளிக்கொண்டு போய், அதன் மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். மெர்ல் அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டான். லோவெல் மெர்லின் காலைப் பிடித்தான். லோவெலின் காலைப் பாஸ்டர் ஆனிக்கா பிடித்துக்கொண்டாள்.

"கையக் குடு வெர்னா!"

"ஒரு கைதான் காலி!"

"அந்த அண்டாவ விடுடி!"

"சர்ச் சொத்து!"

"அது நசுங்கிப்போச்சு! அதோட மூக்கும் ஒடுங்கிப்போச்சு! விட்டுத் தொலை!"

"ரெண்டு!" என்றாள் வெர்னா பல் கிடுகிடுக்க. "மூணு! மூணு தடவை சொல்லிட்டா, எல்லாரும் எண்ணிக்குங்க!"

ஆனால் அண்டாவை விட்டாள். இரண்டு கையாலும் நாத்தனாரும் அண்ணியும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொள்ள, பின்னால் இருந்தவர்கள் இழுத்த இழுப்பில் மேஜை, ஆர்டிஸ், வெர்னா எல்லாம் ஒரே வழுக்கலில் கரைக்கு வந்து சேர்ந்தன. கொஞ்ச நேரம் இருவரும் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தார்கள். ஆர்டிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த கையை வெர்னா எடுக்கவில்லை.

மெர்லின் வண்டிக்குள் சூடேற்றியைத் திருப்பிவிட்டு, ஈரத்தைக் களைந்து, இருக்கிற கம்பளி எல்லாம் சுற்றி வெர்னாவை உட்கார வைத்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியதும் அவள் பேசிய முதல் பேச்சு: "ஈஸ்டர் பாத்திரம் பூரா. நான் சொல்ற மாதிரி."

"கழுவறேன்" என்றாள் ஆர்டிஸ். "ஒத்துக்கறேன். தோத்துட்டேன்."

ஜன்னலோரம் நின்றிருந்த பாஸ்டர் ஆனிக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"தோக்கல ஆர்டிஸ். இன்னிக்கு ஞாயிறு."

"அதுக்கென்ன?"

"ஞாயிறு லெந்து காலத்துல சேராது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குட்டி ஈஸ்டர். நாப்பது நாள்ங்கறது ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு எண்ணறது. நோன்புக்கு அன்னிக்கு லீவு."

வெர்னா கம்பளியை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப பாத்திரம்?" என்றாள் வெர்னா.

"தண்டனை கிடையாது."

ஆர்டிஸ் மெதுவாகத் திரும்பினாள். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"அப்ப இத்தனை ஞாயிறும் நான் பேசியிருக்கலாமா? சாம்பல் புதன்லருந்து இன்னிவரைக்கும், ஒவ்வொரு ஞாயிறும், காலையிலருந்து பொழுது சாயறவரைக்கும்?"

"தெரியும்னு நெனச்சேன்..."

"நான் ஒரு பழைய துண்டுகிட்ட ரகசியம் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன் பாஸ்டர்!"

"முதல் வாரமே சொல்லியிருப்பேன்" என்றாள் ஆனிக்கா, பூட்ஸைப் பார்த்துக்கொண்டு. "ஆனா சூப்பைப் பத்திச் சொன்னீங்களே... அடுத்தது என்ன சொல்லப்போறீங்கன்னு கேக்க ஆசையாயிடுச்சு."

ஆர்டிஸ் வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மெர்ல், வண்டிய எடு. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கு."

ஏரிக்கரைச் சாலை திரும்புவதற்குள் தொடங்கிவிட்டாள். இந்த வண்டியின் இருக்கை பஞ்சு அமுங்கி, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சர்ச்சின் கம்பளம் மக்கிவிட்டது, மழை நாளில் ஈரநாய் வாடை. பியானோவின் மேல்கட்டைகள் நாலு ஊமையாகிவிட்டன. முதலில் வெர்னா கம்பளிக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கம்பளம் வந்ததும் தலையை வெளியே நீட்டினாள்.

"ஈரநாய் இல்ல" என்றாள். "ஈர ஆடு."

ஆர்டிஸ் யோசித்தாள். "ஆடுதான். நீ சொல்றது சரி."

வீட்டில் வெர்னாவை வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு, ஆர்டிஸ் குளியலறைக் கதவுக்கு வெளியே அழுக்குத்துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கதவு வழியே பேச்சு போயும் வந்தும் கொண்டிருந்தது. மெர்ல் வீட்டிலிருந்த பெர்ச் மீனை அடுப்பில் வறுத்துக்கொண்டிருந்தான். லோவெலின் தூண்டில் கயிறு இற்றது, மளிகைக் கடை முட்டைக்கோஸ் வதங்கியது, வெர்னாவின் சொந்தத் திரைச்சீலை சாயம் போனது வரை அவன் காதில் விழுந்தது. அந்தத் திரைச்சீலைக்கு வெர்னா கோபப்படுவாள் என்று அவன் கரண்டியை நிறுத்திக் கேட்டான். தண்ணீர் சளசளக்கும் சத்தம். பிறகு உள்ளிருந்து சிரிப்பு.

"இவ்வளவு சொன்னியே" என்றாள் வெர்னா உரக்க. "எங்கண்ணன் தலைமுடிய விட்டுட்டியே!"

"அதுக்குத்தான் வரேன்" என்றாள் ஆர்டிஸ்.

மெர்ல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மீனைப் புரட்டிப் போட்டான்.